நேரமில்லாப் பிள்ளைகள்

கத்தோலிக்கப் பாடசாலைகளின் மாணவர்க்கென நீச்சற் போட்டியும் நீர்பாய்தற் போட்டியும் நடத்த முற்படுபவர் முதலில் விடைகாண வேண்டிய வினா, கத்தோலிக்கப் பாடசாலை எனப்படுவது எது என்பதாகும். இலங்கையில் இதற்கு ஒரு வரியில் விடை கூறல் இயலாது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் பொறுப்பிற் கொணர்ந்தபோது, திருச்சபை நடத்திவந்த பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கப் பாடசாலைகளாயின. சில மட்டுமே கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நிலைத்தன. அரசிடம் சென்றவற்றுட் பல இன்றும் புனிதர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. அவற்றின் வகுப்பறைகளில் சைவப் பிள்ளைகளும் இசுலாமியப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து பயில்கின்றனர்.

இவ்வினாவிற்கு விடைகாண வேண்டியவராயிருந்தவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். வடமேற்குக் கரையோரக் கிராமமொன்றிற் பிறந்து, தலைநகரில் நெடுங்காலம் பணியாற்றியவர். இளைஞர் பணிக்குப் பொறுப்பாயிருந்த குருவானவர் போட்டியின் ஒழுங்கமைப்பை அவரிடம் ஒப்படைத்தார். ஆசிரியர் செய்த முதல் முடிபு சுருக்கமானது: பெயர்ப்பலகையிற் புனிதர் ஒருவரின் பெயருள்ள பாடசாலை எதுவும் வரலாம், பிள்ளையின் சமயம் வினவப்படமாட்டாது. குருவானவரும் அதனை மறுக்கவில்லை. சிக்காகோ நகரில் 1930ஆம் ஆண்டு துணை ஆயர் பேர்னாட் ஷீல் கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தொடக்கிய வரலாற்றை அவர் அறிந்திருந்தார். பொருளாதார மந்தத்தால் வேலையின்றித் தெருவில் நின்ற இளைஞரைக் குத்துச்சண்டை மேடைக்கும் கூடைப்பந்தாட்டத் திடலுக்கும் அழைத்துவந்த அவ்வமைப்பு, நிறமும் சமயமும் பாராது கதவைத் திறந்துவைத்தது. விளையாட்டின் வாயிலாக இளைஞரை ஒன்றுசேர்க்க விழைவோர் வாயிலை அகலமாக வைத்தல் வேண்டும் என்பதே அவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.

வாயிலை அகலத் திறந்தபின் உள்ளே வருவோர் யாவரும் ஒரே நிலையில் வருவதில்லை என்பது, விண்ணப்பப் படிவங்கள் திரும்பி வரத் தொடங்கியபோது தெளிவாயிற்று.

படிவத்தில் ஆறு நிரல்கள் இருந்தன: பெயர், பிறந்த திகதி, பாடசாலை, பங்குபற்றும் நிகழ்ச்சி, நேரம், பெற்றோரின் ஒப்பம். தடாக வசதியுள்ள நகரப் பாடசாலைகளிலிருந்து வந்த படிவங்களில் நேரம் என்னும் நிரல் 31.40 எனவும் 36.75 எனவும் செக்கனின் நூறிலொரு பங்கு வரை நிரப்பப்பட்டிருந்தது. கரையோரக் கிராமங்களிலிருந்து வந்தவற்றிற் பெரும்பாலும் அந்நிரல் வெறுமையாகக் கிடந்தது. ஒரு படிவத்தில் மட்டும் அழகிய கையெழுத்தில், மாலை 4 மணி முதல் 6 மணி வரை என எழுதப்பட்டிருந்தது. மற்றொன்றில், கடல் வற்றும் நேரம் என்றிருந்தது. ஆசிரியர் முதலாவதைக் கண்டு சிரித்தார். இரண்டாவதைக் கண்டபோது சிரிப்பு வரவில்லை. கேள்விக்கு அப்பிள்ளைகள் நேர்மையாகவே விடையளித்திருந்தனர். நீந்துவதற்கு அவர்களிடம் ஒரு பொழுது இருந்தது. நீந்திமுடிக்க எடுக்கும் நேரத்தை அளக்க எவரும் இருந்ததில்லை.

நேரம் இல்லாமையால் விளைவது யாது என்பதை நீச்சற் போட்டியின் அமைப்பை அறிந்தோர் உணர்வர். எட்டுப் பாதைகளைக் கொண்ட தடாகத்தில் நாற்பது பேர் ஒரே நிகழ்ச்சிக்கு வருவராயின், அவர்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்படுவர். பிரித்தற்கு அடிப்படை அவரவர் முன்னர்ப் பதிந்த நேரமே. விரைவானோர் இறுதித் தொகுதியில் இடம்பெறுவர். ஒரு தொகுதியினுள் மிக விரைவானவர் நாலாம் பாதையிலும், அடுத்தவர் ஐந்தாம் பாதையிலும், அதற்கடுத்தவர் மூன்றாம் பாதையிலுமாக நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நிறுத்தப்படுவர். நேரம் இல்லாதவர் யாவரினும் மெதுவானவரெனக் கொள்ளப்பட்டு முதலாந் தொகுதிக்கு அனுப்பப்படுவர். இது எவரையும் அவமதிப்பதற்காக வகுக்கப்பட்ட விதியன்று. ஒத்த வேகமுடையோரை அருகருகே நிறுத்தினாற் போட்டி சிறக்கும் என்பதே அதன் நோக்கம். எனினும், தடாகம் உள்ளவனுக்கே நேரம் உண்டு. நேரம் உள்ளவனுக்கே நடுப்பாதை உண்டு என்றாகும்போது, வேகத்தை அளக்கும் விதி வசதியையும் சேர்த்தே அளந்துவிடுகின்றது.

ஒழுங்கமைப்புக் குழு கூடியபோது இவ்விடயம் கணக்கின் வடிவில் எழுந்தது. நிகழ்ச்சிகள் 24. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 40 பேர். தொகுதி ஒன்றிற்கு மூன்று நிமிடமெனக் கொண்டால், ஐந்து தொகுதிகளையும் நடத்த மொத்தம் 360 நிமிடம், அதாவது ஆறு மணித்தியாலம் வேண்டும். நேரம் இல்லாதோரை நீக்கி நிகழ்ச்சிக்கு மூன்று தொகுதிகளை மட்டும் நடத்தினால் 216 நிமிடம் போதும். தடாகத்தின் வாடகை மணிக்கணக்கில் அறவிடப்படுவது. ஆதலால் தகுதி நேரம் ஒன்றை விதித்து, அதனை எட்டியோரை மட்டும் அனுமதிக்கலாம் என உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். அவர் தீய நோக்குடன் அவ்வாறு கூறவில்லை. வாடகைப் பணத்தைத் திரட்டும் பொறுப்பு அவருடையது.

ஆசிரியர் நெடிது பேசவில்லை. “பாதர், மிச்சம் பிடிக்கிறது 144 நிமிசம். அந்த 144 நிமிசத்துக்குள்ளதான் கரையோரப் பிள்ளைகள் அத்தனை பேரும் நிக்கினம்” என்று மட்டும் கூறினார். குருவானவர் சிறிது நேரம் கணக்குத் தாளையே நோக்கிக்கொண்டிருந்தார். பின்னர், “அப்ப அந்தப் பிள்ளைகளுக்கு நேரம் எடுக்க வழியில்லையோ, மாஸ்ரர்?” என்று வினவினார். அவ்வினாவிலிருந்தே ஒரு திட்டம் பிறந்தது.

போட்டிக்கு முன்னாள் பிற்பகலில் தடாகத்தை மேலதிகமாக ஒதுக்குதல். நேரம் இல்லாத பிள்ளைகள் யாவரையும் அன்றே வரவழைத்து ஒவ்வொருவரது நேரத்தையும் பதிதல். பதிந்த நேரத்தைக் கொண்டு மறுநாளைய தொகுதிகளை வகுத்தல். தனியான இறுதிப்போட்டி வையாது, எல்லாத் தொகுதிகளின் நேரங்களையும் ஒரே நிரலில் இட்டு இடங்களை நிர்ணயித்தல். இம்முறையில் முதலாந் தொகுதியில் நீந்தியவரும் முதலிடம் பெறக்கூடும். இரவு தங்குவதற்கு நகரப் பாடசாலையொன்று தன் மண்டபத்தைத் தர இசைந்தது. செலவு கூடியது என்பது உண்மையே. அச்செலவை ஈடுசெய்யும் பொருட்டு வெற்றிக் கிண்ணங்களின் அளவு குறைக்கப்பட்டது.

நேரத்தை எடுத்தலோடு அப்பிற்பகலின் வேலை முடிந்துவிடவில்லை. கடலில் நீந்தப் பழகியவனுக்குத் தடாகம் பல வகையிலும் அந்நியமானது. வடபகுதிக் கடலோரம் பெருநீச்சல் வீரர்களைத் தந்த மண். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் அந்நீரிணையை இரு மார்க்கமாகவும் நீந்தி, பின் 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். அத்தகைய நீச்சலில் சுவர் இல்லை. பாதை பிரிக்கும் கயிறு இல்லை. திரும்புதல் என்பதும் இல்லை. மகனை அழைத்துவந்த மீனவர் ஒருவர், “மாஸ்ரர், இவன் கரை காணுமட்டும் நீந்துவான். இதுக்குள்ள எங்க திரும்புறது எண்டதுதான் தெரியாது” என்றார். 25 மீற்றர்த் தடாகத்தில் 50 மீற்றர் நீந்துவதற்கு ஒருமுறை திரும்புதல் வேண்டும். அலையையும் படகையும் பார்க்கும்பொருட்டுத் தலையை உயர்த்தி நீந்திப் பழகியவன் அத்திருப்பத்திலேயே இரண்டு மூன்று செக்கன்களை இழந்துவிடுவான்.

விதிகளும் கற்பிக்கப்பட வேண்டியிருந்தன. மார்பு நீச்சலில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒருங்கே சுவரைத் தொடவேண்டும். முதுகு நீச்சலை மல்லாந்த நிலையிலேயே முடித்தல் வேண்டும். சுவருக்கு 5 மீற்றர் முன்பாகத் தலைக்கு மேலே கட்டப்பட்டிருக்கும் சிறு கொடிகள், சுவர் அணுகுகின்றது என்பதை அவனுக்கு அறிவிப்பவை. சுயாதீன நீச்சலில் களைத்தவன் தரையிற் கால் ஊன்றி நிற்கலாம், நடத்தல் ஆகாது. பாதைக் கயிற்றைப் பற்றி இழுத்தலும் ஆகாது. தொடக்க மேடையிலிருந்து குதிப்பதற்குச் சுவரின் அருகே குறைந்தது 1.35 மீற்றர் ஆழம் இருத்தல் வேண்டுமெனச் சர்வதேச விதிகள் கூறுகின்றன. ஆழ்கடலிற் படகிலிருந்து செங்குத்தாகக் குதித்துப் பழகிய பிள்ளைக்கு அவ்வாழமும் ஆபத்தானதே. எனவே, தட்டையாகப் பாயக் கற்றுத் தேறாதோர் நீரினுள் நின்று சுவரை உதைத்தே தொடங்கவேண்டுமென ஆசிரியர் கட்டளையிட்டார். சிறுவர் சிலர் இதனைத் தம் வீரத்திற்கு இழுக்கெனக் கருதி முகஞ்சுளித்தனர். அவர் இளகவில்லை.

பெற்றோரின் ஒப்பம் பெறுதலும் எளிதாயிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கரையேறி வந்ததைச் சிறு வயதிற் கண்டவர்களே இன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்மாராயிருக்கின்றனர். அன்று உடன்பிறந்தாரை இழந்த ஒரு தாய், தன் மகளைக் கடலில் முழங்கால் அளவிற்கு மேல் இறங்க ஒருபோதும் விட்டதில்லை. அச்சிறுமி நீந்தக் கற்றது மாமனாரின் ஊரிலுள்ள குளத்திலாகும். படிவத்தோடு வந்த ஆசிரியையிடம் அத்தாய் கேட்டது ஒரேயொரு கேள்வி: தண்ணீரின் அடி தெரியுமா? தெரியும் என்றதும், “அடி தெரியிற தண்ணி எண்டால் போகட்டும்” எனக் கூறி ஒப்பமிட்டாள். கடலோரத்திற் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியாதிருத்தல் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அவளும் அறிந்தேயிருந்தாள். அச்சத்தை வெல்வதற்கு அவளுக்குத் தேவைப்பட்டது அடி தெரியும் நீர் மட்டுமே.

நேரக் கணிப்பே இத்திட்டத்தின் உயிர்நாடியாதலின், அதன் நம்பகம் முதன்மை பெற்றது. தொடுபலகையுடன் இணைந்த மின்னியற் கருவி வாடகைக்கு எட்டாத பொருளாயிருந்தது. ஆகவே பாதைக்கு மூவராக 24 பேர் நிறுத்தற் கடிகாரங்களுடன் நிற்க வேண்டியதாயிற்று. மூன்று கடிகாரங்களுள் இரண்டு ஒத்துக் காட்டுமாயின் அந்நேரமே கொள்ளப்படும். மூன்றும் வேறுபடின் நடுவிலுள்ளது கொள்ளப்படும். பழைய மாணவரும் பல்கலைக்கழக மாணவர் சிலரும் இப்பணிக்கு முன்வந்தனர். அவர்களுக்கு வகுப்பெடுக்கையில் ஆசிரியர் இரு நிகழ்ச்சிகளை எடுத்துக் கூறினார்.

1960ஆம் ஆண்டு றோம் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 100 மீற்றர் சுயாதீன நீச்சலில் அவுஸ்திரேலியாவின் ஜோன் டெவிற்றும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒருங்கே சுவரைத் தொட்டனர். லார்சனின் பாதையிலிருந்த மூன்று கடிகாரங்களும் 55.0, 55.1, 55.1 எனக் காட்டின. டெவிற்றின் பாதையிலிருந்த மூன்றும் 55.2 எனக் காட்டின. ஆயினும் கண்ணால் நோக்கிய நடுவர்களின் தீர்ப்பில் குழப்பம் நேர, தலைமை நடுவர் டெவிற்றுக்கே வெற்றியை அளித்தார். 1972ஆம் ஆண்டு மியூனிக்கில் இதற்கு மறுதலையானது நிகழ்ந்தது. 400 மீற்றர் தனிநபர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குனார் லார்சன் அமெரிக்காவின் ரிம் மக்கீயை ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரு பங்கால் வென்றதாகக் கருவி அறிவித்தது. அவர்கள் நீந்திய வேகத்தில் அது மூன்று மில்லிமீற்றர்த் தூரத்திற்குச் சமன். தடாகத்தின் பாதைகளைக்கூட அத்துணை நுட்பமாக ஒரே நீளத்திற் கட்டுதல் அரிது. அதன்பின் நூறிலொரு பங்கிற்கு மேல் நுணுகிப் பார்ப்பதில்லை என விதி திருத்தப்பட்டது. கண் கடிகாரத்தைப் புறக்கணித்ததும் தவறு. கடிகாரம் தன் எல்லையை மறந்ததும் தவறு. இறுதித் தொகுதியில் வருவோருக்குக் காட்டும் கவனத்தை முதலாந் தொகுதியின் எட்டாம் பாதையில் வருபவனுக்கும் காட்டவேண்டும் என்பதே ஆசிரியர் அவர்களிடம் வேண்டியது. அவனுக்கு அதுவே வாழ்நாளின் முதல் நேரமாயிருக்கக்கூடும்.

நீர்பாய்தல் வேறுவகைச் சிக்கலைத் தந்தது. தமிழிற் சுழியோடுதல் என்னும் பழைய சொல் உண்டு. மன்னார்க் கடலில் முத்தும் சங்கும் எடுத்தோர் செய்த தொழில் அது. மூச்சை அடக்கி அடியை அடைந்து பொருளோடு மீளுதல் அதன் திறன். போட்டியிலுள்ள பாய்தலோ நீரைத் தொடும் கணத்தோடு முடிந்துவிடுகின்றது. பலகையைவிட்டு எழுதல், வானில் உடலைக் கையாளுதல், நீரினுள் நேராகப் புகுதல் என்பனவே நோக்கப்படும். ஐந்து நடுவர் சுழியம் முதல் பத்து வரை புள்ளியிடுவர். மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் விலக்கப்பட்டு, எஞ்சிய மூன்றின் கூட்டுத்தொகை அப்பாய்தலின் கடினக் குணகத்தாற் பெருக்கப்படும். கடிகாரம் இங்கு உதவாது. மனிதரின் கண்ணையே நம்பவேண்டும். கண் சாயக்கூடியது என்பதை ஒப்புக்கொண்டே இரு முனைகளும் விலக்கப்படுகின்றன.

தோணியிலிருந்து குதித்துப் பேர்பெற்ற சிறுவர் மூவர் 3 மீற்றர்ப் பலகையிற் பாய அனுமதி கேட்டனர். ஆசிரியர் மறுத்தார். பயிற்றப்படாத உடல் அவ்வுயரத்திலிருந்து புரண்டு விழுந்தால் நேரக்கூடியதை அவர் அறிவார். 1 மீற்றர்ப் பலகையில், சுழற்சியற்ற எளிய முன்பாய்தலை மட்டும் அவர்களுக்கு அனுமதித்தார். அதுவும் அப்பிற்பகலிற் பயிற்றுநர் ஒருவர் பார்த்து இசைந்த பின்னரேயாம். வாயிலை அகலத் திறப்பவர் சில கதவுகளைச் சாத்தியும் வைக்கவேண்டியவராகின்றார். இவ்விரண்டும் ஒரே அக்கறையின் இரு வேறு செயல்கள் என்க.

போட்டி நாளில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. முதலிடங்களிற் பெரும்பாலானவை நகரப் பாடசாலைகளுக்கே சென்றன. நாடோறும் தடாகத்திற் பயில்பவனை ஒரு பிற்பகற் பயிற்சியால் வெல்லுதல் இயலாது. அவ்வாறு வெல்லலாமென எண்ணுவது பயிற்சியையே இகழ்வதாகும். 50 மீற்றர் மார்பு நீச்சலில் மீனவரின் மகன் தன் தொகுதியில் முதலாவதாக வந்து, இறுதியில் ஒரு கையை மட்டும் நீட்டிச் சுவரைத் தொட்டான். நடுவரின் கை உயர்ந்தது. முன்னாள் அவனுக்கு இரு கைகளாலும் தொடுமாறு பலமுறை கற்பிக்கப்பட்டிருந்தது. வெற்றியைக் கண்ட வேகத்தில் மறந்துவிட்டான். குழுவில் ஒருவர் இம்முறை மன்னிக்கலாமே என்றார். ஆசிரியர் உடன்படவில்லை. அவனை மன்னித்தால், இரு கைகளாலும் தொட்டு இரண்டாவதாக வந்த மற்றொரு கரையோரச் சிறுவனுக்கு என்ன விடை கூறுவது? தகுதி நீக்கத் துண்டை வேறெவரிடமும் கொடுத்தனுப்பாது, தாமே சென்று அவனருகில் அமர்ந்து விளக்கினார். சிறுவன் அழுதான். தந்தை அவனது தலையைத் துவட்டியபடி, “அடுத்த முறை ரெண்டு கை” என்று மட்டும் கூறினார்.

குளத்தில் நீந்தக் கற்ற சிறுமி 50 மீற்றர் சுயாதீன நீச்சலில் 40 பேருள் 23ஆவதாக வந்தாள். முன்னாள் அவள் பெற்ற நேரம் 47.10 செக்கன். போட்டியில் 44.62. அவள் நின்றது இரண்டாந் தொகுதியின் நாலாம் பாதையில். அப்பாதை அவளுக்கு அவளது சொந்த நேரத்தாற் கிடைத்தது. மாலையில் வெற்றிக் கிண்ணங்கள் வழங்கப்பட்ட பின்னரும் ஆசிரியரின் வேலை முடியவில்லை. வென்றோரின் பெயர்களை மட்டும் அறிவிக்கும் வழக்கத்தை விடுத்து, பங்குபற்றிய ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும், இறுதியாக வந்தவரது நேரம் உட்பட, தட்டச்சிட்டுப் பிரதி செய்து எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்பினார். அதற்கான செலவு சில கட்டுத் தாளின் விலையேயாகும்.

போட்டிகளின் பயன் திறமையாளரைக் கண்டெடுத்தல் என்பர் சிலர். ஒற்றுமையை வளர்த்தல் என்பர் வேறு சிலர். இரண்டும் பொய்யல்ல. ஆயினும், அளக்கப்படாதிருந்தவர்களை அளத்தலும் அதற்கு ஈடான பயனே. அளக்கப்பட்டவனே தன்னை நேற்றைய தன்னோடு ஒப்பிட இயலும். ஒரு பிள்ளைக்குக் கிடைத்த 44.62 என்னும் எண் பிறரோடு நோக்க மெதுவானதாயிருக்கலாம். ஆனால் அடுத்த முறை அதனை 43 ஆக்கவேண்டும் என்னும் எண்ணத்தை ஊட்ட அது போதுமானது.

போட்டி முடிந்த மாதத்திற் குழு மீண்டும் கூடி வரவு செலவைப் பரிசீலித்தது. முன்னாட் பிற்பகலுக்கான தடாக வாடகை, தங்குமிடச் செலவு, உணவுச் செலவு ஆகியன தனியொரு வரியில் எழுதப்பட்டிருந்தன. அவ்வரியின் எதிரே கேள்விக்குறியொன்று பென்சிலால் இடப்பட்டிருந்தது. புதிய ஆண்டிலும் கரையோரப் பாடசாலைகளிலிருந்து புதிய பிள்ளைகள் வருவர். அவர்களது படிவங்களிலும் நேரத்திற்குரிய இடம் வெறுமையாகவே இருக்கும். அக்கேள்விக்குறியை அழிப்பதா, அவ்வரியையே அழிப்பதா என்பது குறித்துக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.